புட்டி பூசிய வில்

தினேஷ்,

நீ வாஷிங் மெஷினுக்குப் பின்னால் சாய்த்துவைத்துவிட்டுப் போன கொய்யாக் கட்டையை நான் வில்லாக்கினேன். சனிக்கிழமை காலை அது உடைந்துவிட்டது. உன் அப்பா எப்படியும் உனக்குச் சொல்லிவிடுவார். அவர் வாயில் எதுதான் தங்கியிருக்கிறது? அதனால் நானே முந்திக்கொள்கிறேன். போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. மெசேஜ் அனுப்பினால் நீலக் கோடு மட்டும் விழுகிறது, பதில் வருவதில்லை. நிச்சயம் முடிந்த நாளிலிருந்து இப்படித்தான். ஆகவே தினமும் சமையலை முடித்துவிட்டு, ஒற்றை விரலால் இதைப் போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். முழுதும் எழுதி முடித்த பிறகுதான் அனுப்புவேன். நீளமாகத்தான் இருக்கும். உன் அம்மா என்றைக்குச் சுருக்கமாகப் பேசியிருக்கிறாள்?

வாசலில் நின்ற அந்த மரத்தை வெட்டியபோது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பழமெல்லாம் பக்கத்து வீட்டு சீன ஆன்டி நிறுத்திவைக்கும் காடி மேல்தான் விழுந்துகொண்டிருந்தது. அவள் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் தினமும் என் கண்ணெதிரே காடியைக் கழுவினாள். கிளைகளை லோரியில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தபோது நீ ஓடிவந்து அடிமரத்தைப் பிடித்துக்கொண்டாய். கொய்யா வளையும், சுலபத்தில் முறியாது என்றாய். குருவி அடிக்க லாஸ்திக் செய்யக் கொய்யாக் கவட்டையைத் தேடி கிள்ளான் முழுக்க அலைந்த பையன்தானே நீ. ஆப்பு அடித்து அதை நீளவாக்கில் பிளந்தாய். காயும்போது வெடிக்காமல் இருக்க, வாசல் கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்த பச்சைப் பெயிண்டை இரண்டு முனையிலும் பூசினாய். ஒரு வருஷத்துக்கு மேல் அது வாஷிங் மெஷினுக்குப் பின்னால் கிடந்தது. கரப்பான் பூச்சிக்கு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறாய் என்று நான் தினமும் திட்டினேன்.

அந்தக் கட்டையில் ஒழுங்கான இடம் என்று ஒன்றுமே இல்லை. நடுவில் ஒரு வளைவு. ஒரு முனையில் முடி போல ஒரு வெடிப்பு. மேல் பாதியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கணு புடைத்துக்கொண்டு நின்றது. நம் காடியில் உரசுகிறது என்று உன் அப்பா ஒரு கிளையை அரைகுறையாக வெட்டிய இடம் அது. உன்னோடு வில் பழகும் ஹக்கிம் ஷா ஆலாமிலிருந்து வந்து, நீங்கள் இரண்டு பேரும் முன்வாசலில் உட்கார்ந்து அந்தக் கட்டையைத் தடவித் தடவிப் பார்த்ததை, கீரை ஆய்ந்துகொண்டே நான் கவனித்தேன். உன் காதல் வில்மேலா, உனக்குப் பேசி முடித்திருக்கிற ஷாலினிமேலா என்று நான் கேட்டதற்கு ஹக்கிம்கூடச் சிரித்தான். பட்டையை உரித்ததும் தெரிகிற மேல்மரம்தான் வில்லின் முதுகு, அது எய்கிறவனுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும், வளையும்போது இழுபடுவது அதுதான், அதில் கத்தியே படக்கூடாது என்று அவன் சொன்னான். செதுக்குவதெல்லாம் நம்மைப் பார்க்கிற வயிற்றுப் பக்கத்தில்தான். நான் நூல் பிடித்து நேர்க்கோடு போட்டுத் தருகிறேன் என்றதற்கு நீ, மரம் போகிறபடிதான் கோடும் போகும், கோணலாக இருந்தால் கோணலாகவே இருக்கட்டும் என்றாய். எனக்கு அது சோம்பேறித்தனமாகப் பட்டது.

பிறகு நிச்சயம் வந்தது. நீ கட்டையைத் தொடவில்லை.

அன்றைக்கு நடந்ததை நீயும் நானும் ஒரே காரில் உட்கார்ந்து வேறு வேறு மாதிரி நினைத்துக்கொண்டு வந்தோம். நான் பார்த்தபடி சொல்கிறேன். தட்டு மாற்றப் போகிற நேரத்தில் ஷாலினியின் அப்பா, நல்ல மனிதர், சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார். "மாப்பிள்ளையப் பத்தி நாங்க தெரிஞ்சுக்க வேண்டியது ஏதாச்சும் இருக்குங்களா?" நீ வாயைத் திறந்தாய். நீ என்ன சொல்லப் போகிறாய் என்று எனக்குத் தெரியும். நான்காம் படிவம் படிக்கும்போது தொடங்கிய உன் வலிப்பைச் சொல்லப் போகிறாய். நான் முந்திக்கொண்டேன். "பசி தாங்க மாட்டான், அது ஒண்ணுதான் குறை." மண்டபமே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. ஷாலினி உன்னைப் பார்த்தாள், நீ தட்டில் இருந்த பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். திரும்பி வரும்போது, நானே அவளிடம் சொல்லிவிடுகிறேன் அம்மா என்றாய். கல்யாணம் முடியட்டும், ஒரு பிள்ளை பிறக்கட்டும், மெதுவாகச் சொல்லலாம் என்றேன். சத்தியம் கேட்டேன். உன் அப்பா ஓட்டிக்கொண்டே கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார். நீ சத்தியம் செய்துவிட்டு அன்று மாலையே அம்பாங்கில் உன் வாடகை அறைக்குக் கிளம்பினாய். அதற்குப் பிறகு இந்த வீட்டுக்கு நீ வரவில்லை.

வீடு சத்தமில்லாமல் கிடந்தது. சனி ஞாயிறு வந்தால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அப்போதுதான் அந்தக் கட்டையை வெளியே எடுத்தேன். முடித்து வைத்தால் நீ வந்து பார்ப்பாய், பார்த்தால் பேசுவாய் என்று ஒரு கணக்கு. என்னால் முடியாது என்றும் தோன்றவில்லை. தெலுக் பங்லிமா காராங்கில் நாற்காலி மேசை செய்யும் பாப்ரிக்கில் இத்தனை வருஷம் மரத்தோடு மாரடித்தவள் நான். கைக்கு மரம் புதிதில்லை. நீ விட்டுப்போன அரத்தை எடுத்து வயிற்றுப் பக்கம் இழைத்தேன். கொஞ்சம் இழைப்பது, காலால் அழுத்தி வளைத்துப் பார்ப்பது, மறுபடி இழைப்பது. பிறகு முன்வாசல் கிரில்லில் வில்லின் நடுவைக் கட்டி, நாணில் கயிறு போட்டுக் கீழே இழுக்க உன் அப்பாவை உட்கார்த்தினேன். அவர் இழுக்க இழுக்க நான் தள்ளி நின்று எந்தப் பாதி விறைப்பாக நிற்கிறது, எது அதிகம் வளைகிறது என்று பார்ப்பேன். நம் கல்யாணத்தில்கூட நீ என்னை இவ்வளவு நேரம் பார்க்கவில்லை என்றார் அவர். உண்மையைச் சொன்னால், நீ போன பிறகு நாங்கள் சிரித்த நாட்கள் அவைதான்.

கணுவுக்கு வந்தபோதுதான் என் கை கெட்டுப்போனது. கெட்டுப்போனது என்றா சொல்வது? பழகினபடி போனது. பாப்ரிக்கில் நான் இருந்தது பினிஷிங் பகுதி. கணு தெரிகிற கால், கணு தெரிகிற கைப்பிடி எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். புடைப்பைச் சீவித் தள்ளி, குழியில் புட்டி என்கிற மரப்பசையை அடைத்து, காய்ந்ததும் தேய்த்து, மரத்தின் நிறத்திலேயே சாயம் கொடுத்து அனுப்ப வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் இடம் தெரியக்கூடாது. தெரிந்தால் ரிஜெக்ட். என் மேசையிலிருந்து போன எதுவும் திரும்பி வந்ததில்லை, அந்தப் பெருமை எனக்கு இன்றும் உண்டு. முதுகில் கத்தி படக்கூடாது என்று ஹக்கிம் சொன்னது நினைவில் இருந்தது. இருந்தும், இந்த ஒரு புடைப்பை மட்டும் சமமாக்கினால் என்ன ஆகிவிடும் என்று எடுத்துவிட்டேன். கொய்யாத் தூளையே பசையில் குழைத்துக் குழியை அடைத்தேன். தேய்த்தேன். வார்னிஷ் அடித்தேன். மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்தால், எந்த இடத்தில் கணு இருந்தது என்று எனக்கே தெரியவில்லை, தினேஷ். அவ்வளவு அழகு. படம் எடுத்து உனக்கு அனுப்பலாம் என்று நினைத்து, முதலில் முழுதாக இழுத்துப் பார்த்துவிடலாம் என்று தள்ளிவைத்தேன்.

சனிக்கிழமை உன் அப்பா கயிற்றை இழுத்தார். இரண்டு பாதியும் ஒன்று போல வளைந்து வந்தன. இன்னும் கொஞ்சம் என்றேன். இன்னும் கொஞ்சம் இழுத்தார். பட்டென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மேல் பாதி பறந்து வந்து கிரில்லில் மோதித் திரும்பி என் கன்னத்தில் கீறிவிட்டுப் போனது. கண்ணுக்குக் கொஞ்சம் கீழே. நீ பயப்பட வேண்டாம், மேலோட்டமான காயம்தான். உன் அப்பா கையில் தொய்ந்த கயிற்றோடு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து போய்ப் பஞ்சும் மருந்தும் கொண்டுவந்தார். நான் அழுதது காயத்துக்காக என்று அவர் நினைத்துக்கொண்டார். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

உடைந்த துண்டுகளைப் படம் எடுத்து ஹக்கிமுக்கு அனுப்பினேன். ஒட்ட முடியுமா என்று கேட்கத்தான். அந்தப் பையன் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்துவிட்டான். துண்டைத் திருப்பிப் பார்த்தவன், புட்டியை நகத்தால் சுரண்டினான். கணு இருந்ததால் இது உடையவில்லை ஆன்டி, மரத்தின் நார் கணுவைச் சுற்றித்தான் ஓடும், புடைப்பைச் சீவும்போது அந்த நாரெல்லாம் அறுந்துபோயிற்று என்று மலாயில் பொறுமையாகச் சொன்னான். புடைப்பைத் தொடாமல் இருபுறமும் கொஞ்சம் அதிகம் மரம் விட்டிருந்தால் அந்த இடமே தாங்கியிருக்குமாம். எனக்குப் பாடம் கேட்கிற மனநிலை இல்லை. சரிப்பா, தேநீர் குடி என்றேன். அவன் குடித்துக்கொண்டே, ஒன்றும் தெரியாத பிள்ளை போலக் கேட்டான்.

"தினேஷுக்கு இப்ப பரவாயில்லையா ஆன்டி? அன்னிக்கு விழுந்ததிலே தலையிலே அடி படலையே?"

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். மகனுக்கு மறுபடி வலிப்பு வந்து, வில் பழகும் திடலில் வெயிலில் விழுந்து கிடந்திருக்கிறான். யாரோ பிள்ளைகள் சுற்றி நின்று நிழல் பிடித்திருக்கிறார்கள். பெற்றவளுக்கு அது தேநீர் குடிக்க வந்தவன் சொல்லித் தெரிகிறது. எனக்கு எல்லாம் தெரியும் என்பது போலத் தலையாட்டினேன். இப்ப பரவாயில்லைப்பா என்றேன். அந்த நிமிஷமும் மூடி மறைக்கத்தான் வாய் போனது, பார்த்தாயா? இவ்வளவு வருஷமாக இல்லாமல் இருந்தது ஏன் வந்தது என்று ஹக்கிமிடம் கேட்டேன். சில நாள் மாத்திரை போடாமல் விட்டதாக நீயே சொன்னாயாம். அம்மாவிடம் சொல்லாதே என்றும் சொன்னாயாம். மற்றவர்களிடம் மறைக்கத்தான் நான் உனக்குச் சொல்லிக் கொடுத்தேன். நீ என்னிடமும் மறைக்கிறாய்.

மாத்திரை ஏன் விட்டுப்போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஷாலினியோடும் அவள் வீட்டாரோடும் வெளியே போகும்போது அந்த ஆஸ்பத்திரி உறையைப் பார்த்துவிடுவார்கள் என்று, எல்லாவற்றையும் ஒரு வைட்டமின் போத்தலில் கொட்டி வைத்துக்கொள் என்று நான்தான் சொன்னேன். நல்ல யோசனை என்று என்னையே மெச்சிக்கொண்டேன். மெச்சிக்கொண்டவளுக்கு, வைட்டமினை எவனும் மணி பார்த்துப் போடமாட்டான் என்பது தோன்றவில்லை. எல்லாரும் சாப்பிட்டுப் பேசிக்கொண்டிருக்கும்போது எழுந்துபோய் அதைப் போட நீ கூச்சப்பட்டிருப்பாய். நாளைக்குப் போடலாம் என்று விட்டிருப்பாய். நீ எப்படிப்பட்ட பிள்ளை என்று எனக்குத் தெரியாதா?

நான் பயந்தது மட்டும் தவறு என்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஷாலினிக்கு முன்னால் ரவாங்கிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது உனக்கு நினைவிருக்கும். அவர்களிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். மருந்திலேயே அடங்கிவிட்டது, வேலைக்குப் போகிறான், நன்றாக இருக்கிறான் என்று எடுத்துச் சொன்னேன். அதனாலென்ன அக்கா என்று அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். வடை பாயசம் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். ஆனால் ஒரு மாதம் கழித்துக் கோயிலில் எனக்குப் பழக்கமே இல்லாத ஒருத்தி, உங்க பையனுக்கு இப்ப எப்படி இருக்கு என்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கேட்டாள். அன்றைக்கு முடிவு செய்தேன், இனி ஒரு வாய்க்கும் இதைக் கொடுப்பதில்லை என்று.

ஆனால் மறைப்பது அன்றைக்குத் தொடங்கியதும் இல்லை. உன் சித்தி மகள் கல்யாணம் நினைவிருக்கிறதா? கைவிரல் கூசுகிறது அம்மா என்று நீ காதோடு சொன்னாய். உனக்கு வருவதற்கு முன் அப்படித்தான் இருக்கும். மேடைக்குப் பின்னால் வாழையிலை அடுக்கியிருந்த அறைக்குள் உன்னை இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினேன். இலைமேல் உன்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, அடங்கும்வரை தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அடங்கியதும் உன் சட்டையைத் துடைத்து, தலை சீவி, வெளியே கூட்டிவந்து, அதிகம் தின்றுவிட்டான் என்று சிரித்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் அதைச் சாமர்த்தியமாகச் சொன்னேன். நீ அந்த அறையில் கண் விழித்தபோது முதலில் கேட்டது, யாராவது பார்த்தார்களா என்று. நான் அதற்கு, இல்லை என்று சந்தோஷமாகப் பதில் சொன்னேன். வலிக்கிறதா என்று கேட்கவில்லை. அதை நினைத்தால் இப்போது என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

நேற்று வரைக்கும் எழுதியது இவ்வளவுதான். இதற்கு மேல், செய்த சத்தியத்தை நான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், நீயே ஷாலினியிடம் சொல் என்று எழுதி முடிக்கலாம் என்றிருந்தேன். எழுத நேரமில்லாமல் போய்விட்டது. இன்று காலையில் ஷாலினி போன் செய்தாள்.

குரலே சரியில்லை, தூக்கத்தில் பேசுவது போல இருந்தது. என்னம்மா உடம்பு என்றேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் பிரிக்பீல்ட்ஸில் கல்யாண மாலைக்குச் சொல்லப் போனபோது நீ உன் போத்தலை அவள் காடியிலேயே விட்டுவிட்டாயாம். நேற்று மாலை வேலை முடிந்து அசதியாக இருந்ததால், வைட்டமின்தானே என்று அதிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டாளாம். இன்று காலை எழுந்திருக்கவே முடியவில்லை, தலை சுற்றுகிறது, வேலைக்கு லீவு சொல்லிவிட்டேன் என்றாள். "இது என்ன வைட்டமின் அத்தை, இவ்வளோ ஸ்ட்ராங்கா இருக்கு? இதைப் போட்டுட்டு அவரு எப்படி வேலைக்குப் போறாரு?"

பசி தாங்க மாட்டான் என்று சொன்ன வாய்க்கு அந்த நேரத்தில் ஒரு பொய்யும் கிடைக்கவில்லை. "அது வைட்டமின் இல்லம்மா," என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். நான்காம் படிவத்திலிருந்து திடலில் நீ விழுந்தது வரைக்கும். நீ சொல்லத் துடித்ததையும், நான் சத்தியம் வாங்கித் தடுத்ததையும் சொன்னேன். நீ சொல்ல வேண்டியதை நான் சொல்லிவிட்டேன், அதற்கு என்னை மன்னிக்க வேண்டியதில்லை. என்ன போட்டோம் என்று தெரியாமல் அந்தப் பெண்ணை விட முடியாது. உடனே கிளினிக்குக்குப் போன் செய்யச் சொன்னேன். செய்தாள். ஒன்றுதானே, மாலைக்குள் தெளிந்துவிடும், காடி மட்டும் ஓட்டாதே என்றார்களாம். மறுபடி என்னைக் கூப்பிட்டாள். அழுகிறாளா, கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

"போத்தல் ஞாயித்துக்கிழமையிலேருந்து எங்கிட்டதானே இருக்கு, அத்தை," என்றாள். "அப்ப அவரு இத்தனை நாளா ஒண்ணும் போடலையா?"

ஆஸ்பத்திரியில் அடுத்த மாத்திரை வாங்க இன்னும் நாள் இருக்கிறது. அவசரமாகக் கேட்டால் அவளுக்குச் சந்தேகம் வரும் என்று நீ அந்தப் போத்தலைத் திரும்பக் கேட்காமலேயே இருந்திருக்கிறாய். ஆபீசுக்குப் போன் செய்தேன், நீ இன்று வரவில்லை என்றார்கள். உன் அறையில் தனியாக இருக்கிறாய் என்று நினைக்கிறேன். உன் அப்பா இதற்குள் காடியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார், கிள்ளானிலிருந்து இந்த நெரிசலில் எப்போது வந்து சேருவாரோ. ஷாலினி அவருக்கு முன்னால் வந்துவிடுவாள். அவள் அண்ணன் சுபாங் ஜெயா ஸ்டேஷன் வரை கொண்டுவந்து விட்டு, அவளோடு எல்ஆர்டி ரயிலிலும் ஏறியிருக்கிறான். கல்யாணத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. அவள் உன்னைக் கட்டிக்கொள்ளத்தான் வருகிறாள் என்று நினைத்துக்கொள்ளாதே. போத்தலைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகவும் வரலாம். அது அவள் இஷ்டம். அதைக் கேட்கிற தகுதியை நான் அன்றைக்கு மண்டபத்திலேயே சிரித்துத் தொலைத்துவிட்டேன்.

இதை இப்போது அனுப்பிவிடுகிறேன். எழுந்து கதவின் தாழ்ப்பாளை எடுத்துவிடு. குளியலறைக்குப் போகாதே, அவர்கள் வரும்வரை தரையிலேயே உட்கார்ந்திரு. அவள் கேட்பதற்கெல்லாம் நீயே பதில் சொல், இன்ன மாதிரி சொல் என்று நான் இனி எடுத்துக்கொடுக்க மாட்டேன். ஆனால் பேச்செல்லாம் அப்புறம். விட்டுப்போனதைச் சேர்த்துப் போடாதே, எப்போதும் போடுகிற அளவுதான். போத்தலை வாங்கியதும் முதலில் மாத்திரையைப் போடு. உள்ளே போய்ப் போடாதே தினேஷ், அவள் பார்க்கப் போடு.

அம்மா